மரியாதைக் காபி

"வாங்க சார், உக்காருங்க" என்று காபியக்கா சொன்னதும் குழாய் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் தெருதான் இருந்தது. தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. அதை யாரும் சார் என்று கூப்பிட மாட்டார்கள்.

"என்னையா?" என்றான்.

"உங்களைத்தாங்க. ஜன்னல் பக்கம் காத்து வரும், அங்க உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. அந்தக் கடையில் அவன் உட்கார்ந்து காபி குடித்ததே கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்துத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டுதான் குடிப்பான். அவன் முதுகு பட்டுப் பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பே கறுத்துப் போயிருந்தது. இன்றைக்கு அந்தக் கறுப்பு இல்லை. யாரோ புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள்.

அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய்களைத் திறந்து விடுவது அவன் பிழைப்பு. லாரியில் தொட்டியும் ரப்பர் குழாயும் வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் கிளம்பி ஓட்டல், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டு, காபிக் கடை திறக்கிற நேரத்துக்கு வந்து சேருவான். குழாய் என்கிற பெயரை வைத்ததே காபியக்காதான். அது கடையிலிருந்து தெருவுக்குப் போய், தெருவிலிருந்து வீட்டுக்கும் போய்விட்டது. கோபம் வந்தால் அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தக் கடைக்கு ஒரு நடைமுறை உண்டு. தினம் வருகிறவன் எவனாக இருந்தாலும் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். டயர் கடை வைத்திருக்கும் ஸ்டெப்னி கேஸ் சிலிண்டரை மாற்றுவான். தையல்காரர் மேஜை துடைப்பார். குடித்த கப்பை அவரவர் கழுவி வைக்க வேண்டும். குழாயின் வேலை ஷட்டர். இடது பக்கம் துருப்பிடித்து, பாதி தூரம் ஏறியதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அதைக் கீழே ஒரு உதை விட்டு, அதே மூச்சில் மேலே தள்ள வேண்டும். உதைக்கிற சத்தம் கேட்டால்தான் அந்தத் தெருவுக்கே விடிந்த மாதிரி.

உதைத்து முடித்ததும் உள்ளே இருந்து அக்காவின் குரல் வரும்.

"வந்துட்டான்யா, ஊர் அழுக்கையெல்லாம் உடம்புல பூசிக்கிட்டு! டேய், பின்பக்கம் போய்க் கழுவு. மூஞ்சியையும் சேர்த்துக் கழுவு. கழுவி ஒண்ணும் ஆகப்போறதில்ல, இருந்தாலும் கழுவு."

அவன் பின்பக்கக் குழாயடியில் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி வருவான். அவள் அவன் கையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பி நகக்கண்ணைப் பார்ப்பாள். "ம், மனுசன் மாதிரி ஆயிட்ட" என்று காபியை அந்தக் கையிலேயே வைத்து அழுத்துவாள். தினமும் இப்படித்தான். எத்தனை வருசம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

இன்றைக்கு ஷட்டர் ஏற்கெனவே திறந்திருந்தது. அவன் ஜன்னல் பக்கம் போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அக்கா ஒரு தட்டில் கப், கப்புக்கு அடியில் சாசர், பக்கத்தில் மடித்த காகிதக் கைக்குட்டை எல்லாம் வைத்துக் கொண்டுவந்தாள். அந்தக் கடையில் சாசர் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"சர்க்கரை எவ்வளவு போடட்டும் சார்?"

குழாய்க்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஊரார் வீட்டு அடைப்பை எடுக்கத் தெரிந்தவனுக்கு இதை எடுக்கத் தெரியவில்லை.

"எப்பவும் போடறதுதானே அக்கா."

"உங்க விருப்பம் எப்படியோ அப்படி."

ஸ்டெப்னியைப் பார்த்தான். ஸ்டெப்னி தன் கப்புக்குள் எதையோ தொலைத்துவிட்டவன் மாதிரி குனிந்துகொண்டான். தையல்காரர் துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தார்.

அந்தக் காபி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு எரிச்சல்.

மரியாதை என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குப் போகிற வீடுகளில் அவனை யாரும் டேய் என்று சொல்வதில்லை. "அண்ணே, அப்படியே சுத்திப் பின்பக்கமா வந்துடுங்க." "சார், தண்ணி பாட்டில் மதில் மேல வெச்சிருக்கேன், எடுத்துக்கங்க." "இல்லல்ல, பாட்டிலைத் திருப்பித் தர வேணாம்ங்க, நீங்களே வெச்சுக்கங்க." எல்லாம் தேன் மாதிரிதான் பேசுவார்கள். பேசுகிற வாய்க்கும் அவனுக்கும் நடுவில் ஒரு லாரி நிறுத்துகிற இடம் இருக்கும். வாங்க, போங்க எல்லாம் அந்த இடத்தை நிரப்பப் போடுகிற ஜல்லி.

அந்த ஜல்லியை இப்போது காபியக்காவும் கொட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நாற்றம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். புதிதாக எதிர்க் கட்டடத்தில் ஆபீஸ் வந்திருக்கிறது. டை கட்டியவர்கள் வந்து போகிறார்கள். 'இந்த ஆளை உள்ளே விட்டால் நாங்கள் வரமாட்டோம்' என்று எவனாவது சொல்லியிருப்பான். அக்காவுக்கு நேரடியாகத் துரத்த வாய் வரவில்லை. மரியாதை கொடுத்தே வெளியில் தள்ளப் பார்க்கிறாள். அவன் அப்படித்தான் கணக்குப் போட்டான். இந்தத் தெருவில், இந்த ஊரில், வேலைச் சட்டையோடு நிற்கிற அவன் கையைத் தொட்டு ஒரு பொருளைக் கொடுக்கிற ஒரே இடம் அதுதான். அது போனால் பிறகு மதில்மேல் பாட்டில்தான்.

மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் போனான், ஷட்டரை உதைத்தே தீருவது என்று. அக்கா அவன் கண்முன்னால் ஒற்றைக் கையால் தூக்கினாள். அது வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. மெக்கானிக்கை வைத்து கிரீஸ் போட்டிருக்கிறாள். கிரீஸ் போட்டால் சரியாகிவிடும் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லி, "உன் உதைக்குக் காசா பணமா, உதைடா" என்று சொன்னவள்தான்.

"எதுக்கு அக்கா செலவு?"

"கஸ்டமருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாதுங்க."

கஸ்டமர்! அவனுக்கு அந்த வார்த்தை செருப்பில் ஏறின முள் மாதிரி நாள் முழுக்கக் குத்தியது.

அதற்கடுத்து அவன் ஒரு காரியம் செய்தான். ஓட்டல் ஒன்றின் கழிவு எண்ணெய்த் தொட்டியை அள்ளிவிட்டு, கை கால் எதையும் கழுவாமல் நேராகக் கடைக்குள் வந்து நின்றான். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எதிர்ப்பக்கம் போய்விட்டது. தையல்காரர் துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். "அடப்பாவி" என்றான் ஸ்டெப்னி. குழாய் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மூக்கு விடைத்தது. கழுத்து நரம்பு எழுந்தது. வாய் திறந்தது. இதோ வருகிறது, இதோ வந்துவிட்டது என்று அவன் மனசு குதித்தது.

"ஃபேன் போடட்டுங்களா சார்?" என்றாள்.

"அக்கா, நாறுது இல்ல?"

"பரவாயில்லைங்க."

"நல்லா மோந்து பாரு. ஓட்டல் தொட்டி. என்னாலயே நிக்க முடியல!"

"உழைக்கிற உடம்புங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, தூரத்தில் நின்றே தட்டை நீட்டினாள்.

அவன் குடித்த கப்பைக் கழுவாமல் மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தான். அவளே வந்து எடுத்துப் போய்க் கழுவினாள். அதைப் பார்த்துத் துணிந்து ஸ்டெப்னியும் கழுவாமல் நழுவப் போனான். "டேய் பங்சர்! உங்கப்பன் வேலைக்காரி வெச்சிட்டுப் போயிருக்கானா? எடுடா கப்பை!" என்று கடை அதிர்ந்தது. ஸ்டெப்னி ஓடிவந்து எடுத்தான். குழாய்க்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. அந்தத் திட்டு அவனுக்கு வந்திருக்க வேண்டியது.

டயர் கடைக்கே போய் ஸ்டெப்னியைப் பிடித்தான்.

"என்னதாண்டா நடக்குது அங்க?"

"எனக்கு என்ன தெரியும்? நீ இல்லாதப்பவும் 'அவரு வந்தாரா, அவரு போயிட்டாரா'ன்னுதான் கேக்குது. செத்துப் போனவனைப் பத்தி பேசற மாதிரி இருக்குடா, கேக்கவே பயமா இருக்கு. நீ என்னமோ பண்ணியிருக்க."

"நான் ஒரு மண்ணும் பண்ணல."

"அப்ப ஏன் உனக்கு மட்டும் சாசர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் அன்று சாயங்காலம் வீட்டில் கிடைத்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகள் எதிரில் உட்கார்ந்து தன் வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் கம்பெனி ஒன்றின் கிளையில் வாடிக்கையாளர் கவுண்டரில் அவளுக்கு வேலை கிடைத்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எப்படிச் சிரிக்க வேண்டும், திட்டுகிறவனிடம் எப்படிப் பணிவாகப் பேச வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகுவதை அவன் பார்த்திருக்கிறான்.

"அப்பா, இப்பல்லாம் காபிக் கடையில எப்படி? நல்லபடியா நடத்துறாங்களா?"

அவன் கை அப்படியே நின்றது.

"நீ ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"பாப்பா."

"போய்ச் சொல்லிட்டு வந்தேன்ப்பா. எங்கப்பாவுக்கு ஐம்பது வயசாகுது, டேய் வாடா போடான்னு பேசாதீங்க, அவரும் காசு குடுத்துத்தான் குடிக்கிறாருன்னு. கத்தல்லாம் இல்ல, மேடம்னுதான் பேசினேன்."

குழாய் தட்டைத் தள்ளினான். "அடி என்னைப் பெத்தவளே! உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலன்னா நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? அன்னிக்கு நான் பஸ்ல இருந்து பார்த்தேன். சிக்னல்ல பஸ் நிக்குது. அந்தம்மா உன் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுது. நாறுது, போய்க் கழுவுன்னு கத்துறது பஸ்ஸுக்குள்ள கேக்குது. உள்ள டை கட்டினவனுங்க உக்காந்துக்கிட்டு உன்னைப் பார்த்துச் சிரிக்கிறானுங்க. நீயும் சேர்ந்து சிரிக்கிற. பக்கத்து சீட்டுல எங்க ஆபீஸ் பொண்ணு. அதுவும் சிரிச்சுச்சு. அது எங்கப்பான்னு எனக்குச் சொல்ல வாய் வரல. தெரியுமா?"

எந்த நாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வேலை இழுத்துக்கொண்டு, ஆபீஸ் நேரத்தில் கடைக்குப் போய்ச் சேர்ந்த நாள்.

"அது விளையாட்டு" என்றான் கடைசியில்.

"யாருக்கு?"

அடுப்படியிலிருந்து பெண்டாட்டி சொன்னாள்: "வீட்டுல நான் ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. அங்க போய்த் திட்டு வாங்குறதுக்கு விடியக்காலையில வரிசையில நிப்பாரு. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

"நீ வேற சும்மா இரு!"

"பாத்தியா? நான் சொன்னா மட்டும் கோபம் வந்துருது."

மகளுக்கு வார விடுமுறை வந்ததும் அவளைக் காபிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். நீ சொன்னதை நீயே வாபஸ் வாங்கு என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனான். முடியாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு அவளும் வந்தாள்.

கடையில் ஸ்டெப்னியும் தையல்காரரும் மட்டும் இருந்தார்கள். மகளைப் பார்த்ததும் அக்கா முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க மேடம். குறை ஏதாவது இருக்குங்களா?"

"இல்லைங்க மேடம். நீங்க ஒத்துழைச்சதுக்கு ரொம்ப நன்றிங்க."

"உங்க சந்தோஷம்தாங்க எங்களுக்கு முக்கியம்."

"உங்க அக்கறை எனக்குப் புரியுதுங்க மேடம்."

கத்தியில்லாமல் குத்திக்கொண்டார்கள். தையல்காரர் மேஜையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

குழாய்க்குப் பொறுமை அறுந்தது. "நிறுத்துங்க ரெண்டு பேரும்! வாங்க போங்கன்னு சொல்லியே என்னைக் கொன்னு போட்டுருவீங்க போல. அக்கா, சின்னப் பொண்ணு, தெரியாம வந்து பேசிட்டா. அதை மனசுல வெச்சுக்கிட்டு இப்படிப் பழிவாங்குறியே, நியாயமா?"

"பழியா? யாருங்க பழிவாங்கினது? உங்க பொண்ணு சொன்னதுல என்ன தப்பு?" அக்கா வாணலியைத் துடைக்கிற துணியை முறுக்கினாள். "ஊர் பார்க்க ஒரு மனுசனை நாறுதுன்னு சொல்றது தப்புதானே? எனக்குப் படிப்பில்ல. யாராவது சொன்னாத்தான் தெரியும். சொல்லிட்டாங்க. திருந்திட்டேன். அவ்வளவுதான்."

பேச்சுதான் அப்படி இருந்தது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு அதெல்லாம் விளையாட்டாம்" என்றாள் மகள்.

"அப்படியா?" அக்கா அவனை நேராகப் பார்த்தாள். ஷட்டருக்குக் கிரீஸ் போட்ட நாளிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்ததே இல்லை. "நான் அன்னிக்கு ராத்திரி அதைத்தான் யோசிச்சேன். இந்த ஆளுக்கு வலிச்சிருக்குமோ? எங்கிட்ட சொல்லாம பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பிச்சானோ? சொல்லுங்க. பொண்ணும் இருக்கு. அந்த டை கட்டினவனுங்க சிரிச்ச அன்னிக்கு, வலிச்சுதா இல்லையா?"

"ஆமாப்பா, சொல்லு" என்றாள் மகள். "மழுப்பாம சொல்லு."

இல்லை என்றால் முடிந்துவிடும். தூண், கறுப்பு, கையில் வைத்து அழுத்துகிற காபி எல்லாம் இந்த நிமிடமே திரும்பி வந்துவிடும். மகள் முகம் சுண்டிப்போகும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆமாம் என்றால் அக்கா இனி ஆயுசுக்கும் சாசர்தான் வைப்பாள். ஸ்டெப்னி அவனைப் பார்த்து 'இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு' என்று தலையை ஆட்டினான்.

குழாய் தரையைப் பார்த்தான்.

"வலிச்சுது" என்றான்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை அணைக்கக்கூட அக்கா திரும்பவில்லை.

"நீ தினம் சொல்றதுதான், அது எனக்கு ஒண்ணுமில்ல. ஸ்டெப்னி சிரிப்பான், தையல்காரர் சிரிப்பாரு, அவங்க கையும் கறுப்புதான். அன்னிக்கு எவனோ முகம் தெரியாதவன் சிரிச்சான். நீ சொன்னதை நெசம்னு எடுத்துக்கிட்டுச் சிரிச்சான். நானும் பல்லைக் காட்டினேன், வேற என்ன பண்றது? வலிச்சுது. ஒரு நாள்." அவன் மூக்கை உறிஞ்சினான். "இப்ப இந்த சாசர் இருக்கே, இது தினம் வலிக்குது. நீயும் மதில் மேல வெச்சிட்டுப் போற மாதிரி இருக்கு."

அக்காவின் கழுத்து நரம்பு மெல்ல எழுந்தது.

"அப்ப அன்னிக்கே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? வாயை என்ன தையல்காரர்கிட்ட குடுத்துத் தைச்சு வெச்சிருந்தியா? அவனவன் மனசுக்குள்ள புகுந்து பார்க்க நான் என்ன குழாய் வெச்சிருக்கேனா? மாடு! எருமை மாடு! ராத்திரி தூக்கம் இல்லாம நான் புரண்டிருக்கேன், உனக்கு சாசர் வலிக்குதா? சாசர் வாங்கின காசை யாருடா குடுப்பா?"

ஸ்டெப்னி ஒரு பெருமூச்சு விட்டான். தையல்காரர் பொங்கின பாலைத் துடைக்கப் போனார்.

"அக்கா, பொண்ணு முன்னாடி..." என்றான் குழாய். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"இருந்தா என்ன? நல்ல பொண்ணைப் பெத்து வெச்சிருக்க. உன்னை மாதிரி வாயில்லாப் பூச்சியா இல்ல அது." அவள் ஒரு காபியை ஆற்றி மகள் கையில் வைத்தாள். "நீ ஏம்மா மரம் மாதிரி நிக்கிற? காபி குடிச்சா கப்பைக் கழுவணும், தெரியுமில்ல?"

"நான் கஸ்டமர்" என்றாள் மகள். விட்டுக்கொடுக்கவில்லை.

"இந்தக் கடையில அப்படி யாரும் கிடையாது. குடிச்சிட்டுப் போ, பின்பக்கம் சோப்பு இருக்கு."

மகள் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. "அந்த மாதிரி ஆளுங்க இருக்கும்போது எங்கப்பாவைச் சொல்லக்கூடாது" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் கப்பை எடுத்துக்கொண்டு போனாள். கழுவினது சரியில்லை என்று அக்கா அவளைத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்த நாள் காலை குழாய் ஆஸ்பத்திரிக் குழாயை முடித்துவிட்டு நேரம் கழித்து வந்தபோது கடை நிரம்பியிருந்தது. எதிர் ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர், டையும் பையுமாக. அவன் வாசலில் நின்றான். அவன் உடம்பு வாசம் அவனுக்கு முன்னால் உள்ளே போயிற்று. ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

அக்காவும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஆபீஸ்காரர்களைப் பார்த்தாள். வாயை மூடினாள். கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி ஆடிற்று. ஒரு வார்த்தை பேசாமல் கல்லாவுக்கு அடியிலிருந்து சோப்புக் கட்டியை எடுத்து வீசினாள். அது அவன் நெஞ்சில் வந்து விழுந்தது. பலமாகத்தான் விழுந்தது.

அவன் பின்பக்கம் போய் முழங்கை வரைக்கும் தேய்த்தான். முகத்தையும் கழுவினான். உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன, பைகள் உரசின, ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராகப் படி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. கடைசி ஆள் தெருவைக் கடந்திருக்கமாட்டான்.

"டேய் குழாய்!"

சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. அவன் குழாயை மூடாமல், கையைத் தண்ணீரில் காட்டியபடியே முழுக்கக் கேட்டுவிட்டு, நகக்கண்ணை இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டு உள்ளே போனான்.